பேச்சும் மூச்சும்

பிப்ரவரி 4

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஏற்கெனவே சில தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். காகிதத்தில் 'இந்தாங்க' என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? 'அன்புள்ள' என்று போட இப்போது கை வரவில்லை. அதனால் ஒன்றும் போடாமலே ஆரம்பிக்கிறேன்.

தம்பி சொல்லித்தான் எழுதுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறோம், ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம், பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். நேற்று அவன் தன் செல்லோ வாத்தியத்தைத் தரையில் படுக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, என்னால ரெண்டு பக்கமும் தூது போக முடியாது. எழுதித் தொலைங்க. எழுத்துலதான் ஒருத்தர் முடிச்ச பிறகு இன்னொருத்தர் ஆரம்பிக்க முடியும்" என்றான்.

விஷயம் இதுதான். அவனுக்கு அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் கடல் தாண்டிப் போகிறான். போனால் திரும்புவது கஷ்டம். இந்த வயதில் இனி நான் எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று அவனே கேட்கிறான். அதற்கு முன்னால் ஏப்ரல் 12ஆம் தேதி நூலக அரங்கக் கச்சேரி இருக்கிறது. நீங்கள் வீட்டைவிட்டுப் போவதற்கு முன்பே நாம் மூவரும் ஒப்புக்கொண்டது. சுவரொட்டிகூட அடித்து ஒட்டிவிட்டார்கள். அதில் நான் பியானோவில் கை வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கிறேன். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார், வேறொன்றும் இல்லை.

"ஒரே ஒரு கச்சேரி, அக்கா. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா பண்ணிக்கோங்க" என்கிறான். எனக்குச் சம்மதம். பெரிய ஆசையெல்லாம் இல்லை. காலையிலிருந்து மாலைவரை பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால் எதன் மேலும் ஆசை வருவதில்லை. ஆனால் அவன் கேட்டு இல்லை என்று சொல்ல முடியாது. ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா என்று எழுதுங்கள். லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான். நான்கு மாடியும் ஏறித்தான் வர வேண்டும்.

உங்கள் கறுப்புச் சட்டை இங்கேயே இருக்கிறது.

---

பிப்ரவரி 11

கடிதம் கிடைத்தது. உன் தம்பிக்கு வாழ்த்துச் சொல். நேரில் சொல்லியிருப்பேன், ஆனால் அவன் போன் செய்தாலே 'அக்கா என்ன சொல்றாங்கன்னா' என்றுதான் ஆரம்பிக்கிறான். பாவம், அவனுக்கும் அலுத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இங்கிருந்து காலை ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் வந்துவிடலாம். இங்கே எனக்கு ஒரு தையல் கடைக்கு மேலே அறை. நான் வாசிக்க ஆரம்பித்தால் கீழே மெஷினை நிறுத்திவிடுகிறார்கள். மரியாதையா, எரிச்சலா என்று இன்னும் பிடிபடவில்லை. பள்ளியில் வயலின் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு 'குக்கர் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் உனக்குத் தெரியும்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பியானோவின் மூடி. அந்த அரங்கம் சின்னது. பெரிய குச்சியை வைத்து மூடியை முழுதாகத் திறந்தால் உன் சத்தத்தில் நானும் உன் தம்பியும் வெறுமனே வில்லை ஆட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சின்னக் குச்சியே போதும். இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று நீ கணக்குச் சொல்லாதே.

இன்னொன்று, என் மூச்சு. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இனி அந்தச் சத்தம் வராது.

அன்று ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்ததை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. முன்னால் நின்று கோல் அசைத்து நடத்துகிறவர் இல்லாத மூன்று பேர் ஒன்றாகத் தொடங்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் சைகை கொடுக்க வேண்டும். வில் கம்பியில் படுவதற்கு முன்னால் நான் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பேன். அதில்தான் மூவரும் இறங்குவோம். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அப்படியே வந்துவிட்டது. அந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து "வயலின்காரர் பக்கத்துல மூச்சு வாங்குற சத்தம் வருது, ஆஸ்துமாவா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ மைக்கிலேயே சொன்னாய். "ஆஸ்துமா எல்லாம் இல்ல. அவர் அப்படித்தான். வீட்லயும் இதே பாட்டுதான். இந்தச் சத்தத்தோடதான் நான் குடித்தனம் பண்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். உன் தம்பியும் சிரித்தான். அவர்கள் சிரித்தது ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்டது. நான் வயலினைப் பெட்டியில் வைத்து மூடியது யாருக்கும் கேட்கவில்லை.

சட்டையை இருக்க விடு. வந்து எடுத்துக்கொள்கிறேன்.

---

பிப்ரவரி 20

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படித்திருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும்.

மூடியைப் பற்றிக் கணக்குச் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள். சரி, சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் தனியாக வாசித்த காலத்தில் மூடியை முழுதாகத் திறந்துதான் வாசித்தேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். உங்களோடு சேர்ந்த பிறகு பாதி மூடி. வீட்டில் கால் மூடி, பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார் என்று. என் சத்தத்தை அடக்கி அடக்கி, இப்போது திறந்தே விட்டாலும் எனக்குப் பெரிதாக வாசிக்க வருவதில்லை. ஒரு தடவை மைக்கில் உங்களைக் கிண்டல் செய்துவிட்டேன் என்று வீட்டைவிட்டே போய்விட்டீர்கள். மூடிக்காக நான் போவதென்றால் எத்தனை தடவை போயிருக்க வேண்டும்?

அன்று அந்த ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்த ஆள் உங்களை ஆஸ்துமாவா என்று கேட்டபோது, எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. வாயில் வந்தது வேறு. மனைவி கிண்டல் செய்தால் வீட்டு விஷயம், அவன் கேட்டால் அவமானம், அதனால் நான் முந்திக்கொண்டேன் என்று இப்போது எழுதினால் நம்புவீர்களா? எனக்கே பாதிதான் நம்பிக்கை.

போகட்டும். பேசிப் பேசிக் களைத்துத்தான் பேச்சை நிறுத்தினோம். மூச்சையும் நிறுத்துவேன் என்கிறீர்கள். உங்கள் இஷ்டம்.

ஞாயிறு வாருங்கள். கதவைத் தம்பி திறப்பான்.

---

மார்ச் 4

ஒத்திகையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரயிலிலேயே நினைத்தேன். வந்து சேர்ந்ததும் அசதியில் படுத்துவிட்டேன். மறுநாள் எழுதலாம் என்றால் வகுப்பு. இப்போது தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் எழுதுகிறேன்.

ஒரே அறையில் மூன்று மணி நேரம் இருந்தோம். நீ என்னிடம் பேசியது எல்லாம் உன் தம்பி வழியாகத்தான். "தம்பி, அவர்கிட்ட சொல்லு, ரெண்டாம் பக்கத்துல வேகம் ஜாஸ்தி." நான் உனக்குப் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவனும் என் பக்கம் திரும்பி, "அத்தான், வேகம் ஜாஸ்தியாம்" என்கிறான். நானும் வெட்கமில்லாமல், "சரின்னு சொல்லு" என்றேன். அவன் கடைசியில் வில்லை மடியில் போட்டுவிட்டு, "நான் வேணா வெளிய போயி நிக்கட்டுமா? எனக்கு இதுல வாசிக்கிற வேலையும் இருக்கு" என்றான். சிரிப்பு வந்தது. நீ சிரித்தாயா என்று பார்த்தேன். இசைக்குறிப்பு நோட்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தாய்.

வாசிப்பு நன்றாக இல்லை. நீயும் அறிவாய். மூச்சு விடுவதற்குப் பதிலாகத் தலையை அசைத்தேன். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். உன் தம்பி சரியாகப் பிடித்துக்கொண்டான். நீ ஒவ்வொரு தடவையும் ஒரு நூலிழை பிந்தித்தான் வந்தாய். நான் தலையை அசைக்கிறேன், நீ நிமிர்ந்தே பார்ப்பதில்லை. யோசித்துப் பார்த்தால், மேடையில் நீ என்னைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. சுவரொட்டியில் தவிர.

மூடி சின்னக் குச்சியில் இருந்தது. நான் வருவதற்கு முன்பே இறக்கி வைத்திருக்கிறாய். கேட்டதைச் செய்திருக்கிறாய், எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பியானோ போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை. எனக்கு என்னதான் பிடிக்கும் என்று நீ கேட்பாய்.

நான் டீ குடிக்கிற கோப்பையில் பென்சில் போட்டு வைத்திருக்கிறாய். அது என்னவோ ரயில் முழுக்க மனதில் நின்றது.

---

மார்ச் 13

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது என்று போன கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒன்றாக வாசித்த ஒருவருக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு நாள் முழுக்க வியந்தேன்.

நாம் மூவரும் வாசிக்கிற அந்த டிரையோவில், பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துகிற முதல் கார்டுக்கு என் இடது கை கீழேயிருந்து நடுவுக்கு எகிறி இறங்க வேண்டும். பார்க்காமல் போட்டால் பக்கத்துக் கட்டையில் விழும். ஆகவே கண் கையில்தான் இருக்கும். இரண்டாம் பாகத் தொடக்கம் இன்னும் மோசம். மூவரும் சேர்ந்து, காதில் விழுமா விழாதா என்ற அளவுக்கு மெல்லமாகத் தொட வேண்டும். விரலைப் பார்க்காமல் அது நடக்காது. நீங்கள் தலையை ஆட்டினாலும் கையை ஆட்டினாலும் நான் பார்க்கப் போவதில்லை. எனக்குத் தெரியாது. எனக்குக் காதுதான். என் வலது பக்கத்தில் நீங்கள் இழுக்கிற மூச்சைக் கேட்டுத்தான் ஒவ்வொரு கச்சேரியையும் தொடங்கியிருக்கிறேன். அதன் நீளம் காதில் விழுந்தாலே அன்றைக்கு என்ன வேகத்தில் வாசிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துவிடும். உங்களுக்குச் சளி பிடித்திருந்த நாளில் எல்லாமே மெதுவாகப் போகும், நினைவிருக்கிறதா? தம்பி திட்டுவான்.

உங்களை நான் பார்த்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

இதை எழுதியதால் மூச்சு விடுங்கள் என்று கெஞ்சுகிறேன் என்று அர்த்தமில்லை. போன ஞாயிறு நீங்கள் வராததால் தம்பியும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். "நான் விடறேன் அக்கா மூச்சு" என்று கிளம்பினான். தும்மல் மாதிரி வந்தது. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். அப்புறம் இருவராலும் வாசிக்க முடியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். நானும்தான். சிரித்து முடித்ததும் ஏனோ அழுகை வந்துவிட்டது. வயதாகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன், சுற்றி வளைக்கத் தெம்பில்லை. ஏப்ரல் 12 முடிந்ததும் தம்பி போய்விடுவான். அவன் போனால் டிரையோ இல்லை. டிரையோ இல்லையென்றால் நீங்களும் நானும் ஓர் அறையில் உட்காருவதற்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது. இதை நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களா? யோசித்தது என்ன என்று எழுதுங்கள். ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, எழுதுங்கள்.

---

மார்ச் 23

நீ எழுதியதைப் படித்துவிட்டு வயலினைக் கையில் எடுத்து உட்கார்ந்தேன். யாரும் இல்லை. வேண்டுமென்றே மூச்சை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மூச்சு வருகிறது, அந்தச் சத்தம் வரவில்லை. நடிக்கிற மாதிரி இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு மூச்சுகூட இயல்பாக வருவதில்லை போலிருக்கிறது.

வகுப்பிலும் அப்படித்தான். இப்போது பிள்ளைகள் என்னைக் குக்கர் சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் தொடங்குகிறார்கள்.

ஆகவே தலையசைவுதான். முடிந்தால் நிமிர்ந்து பார். முடியாவிட்டால் ஒரு நூலிழை பிந்தி வா, யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மற்றதைப் பற்றிக் கச்சேரி முடியட்டும்.

---

ஏப்ரல் 3

'மற்றது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நல்லது. எனக்கு இனிமேல் கேட்க வாய் இல்லை.

சட்டையைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறது. கழுத்துப் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, தைத்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடையில் பொத்தான் அறுந்து விழுந்தால் எனக்கும்தானே அசிங்கம்.

கச்சேரியன்று மூடி சின்னக் குச்சியில்தான் இருக்கும். அரங்கக் காவலரிடம் சொல்லிவிட்டேன். பக்கம் புரட்ட நூலகத்திலிருந்தே ஓர் அம்மாள் வருகிறார். நோட்ஸ் படிக்கத் தெரியுமாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு சரியான நேரத்தில் திருப்பித் தராதவர்களோடு பழகிப் பழகிப் பொறுமை வந்துவிட்டது என்கிறார்.

நீங்கள் எந்த ரயிலில் திரும்புகிறீர்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறீர்கள். கச்சேரி முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் ஓட வேண்டிய ரயில். அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

---

ஏப்ரல் 14

அந்த ரயிலைப் பிடித்துவிட்டேன். பிடித்திருக்க வேண்டாம் என்று அது நகர்ந்த பிறகுதான் தோன்றியது. கறுப்புச் சட்டையோடு, கையில் வயலின் பெட்டியோடு நின்றுகொண்டே வந்தேன். எதிரில் இருந்த ஆள், "ஏதாவது சாவுக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். இல்லை, கச்சேரிக்கு என்றேன். நம்பவில்லை.

முதலில் மூடி. நீ வருவதற்கு முன்னால் மேடைக்குப் போய்ப் பெரிய குச்சியை எடுத்து முட்டுக் கொடுத்தது நான்தான். காவலர் சண்டைக்கு வந்தார். "அம்மா பாதியிலதான் வைக்கணும்னாங்க." நான் சொன்னேன், "அந்த அம்மாவைப் பாதியில வச்சது நான்தான். நானே எடுத்துடறேன்." அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் விட்டுவிட்டார். நீ வந்து பார்த்ததும் ஒரு கணம் நின்றாய். பிறகு உட்கார்ந்தாய். முதல் பாகத்தில் நீ வாசித்ததை நான் எப்படிச் சொல்ல? உன் சத்தத்தில் என் வில் இரண்டு இடத்தில் காணாமலே போனது. சந்தோஷமாகக் காணாமல் போனது. தொடக்கம் மட்டும் ஒட்டவில்லை. அதே நூலிழை.

இரண்டாம் பாகம். நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனாலும் எழுதுகிறேன், என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதல்லவா? நான் வில்லைக் கம்பிக்கு மேலே பிடித்தேன். தலையை அசைத்தேன். நீ கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். விரல்கள் வளைந்து காத்திருந்தன. இறங்கவில்லை. நீ இறங்காததால் நானும் இறங்கவில்லை. நான் இறங்காததால் உன் தம்பியும் இல்லை. அவன் கண்ணை மட்டும் உருட்டி உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பக்கம் புரட்டுகிற அம்மாள் தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று எழுந்து நின்றுவிட்டார். அரங்கத்தில் பேச்சு மூச்சு இல்லை. நாம் ஏதோ பெரிய உணர்ச்சியில் ஆழ்ந்திருக்கிறோம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்து வில் வழுக்கியது. மூச்சை இழு, இழு என்று மனதுக்குள் கத்துகிறேன். வரவில்லை. இவ்வளவுதான், முடிந்தது, வருஷக்கணக்காக வாசித்தது எல்லாம் இந்த இடத்தில் முடிகிறது என்று நினைத்தேன்.

அப்போது ஒரு சத்தம். மூக்கால், நீளமாக, குக்கர் மாதிரி. முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது. யோசிப்பதற்கு முன்னால் என் வில் கம்பியில் இருந்தது. உன் தம்பியுடையதும். உன் விரலும். ஒரு மயிரிழைகூடப் பிசகாமல். நாம் அப்படிச் சேர்ந்து ஆரம்பித்து எவ்வளவு காலம் ஆயிற்று!

அந்த மூச்சு உன்னுடையது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது என்னுடையது.

ஒரு கணம் என்னைக் கேலி செய்கிறாயோ என்று நினைத்தேன். பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிறவர்கள் முகம் அப்படி இருக்காது. மூன்றாம் பாகத்தில் நான் ஒன்றும் முயற்சி செய்யவில்லை. தானாகவே வந்தது. நீ லேசாகத் தலையாட்டியது தெரிந்தது.

நீ ஒன்று கேட்டிருந்தாய். நான் 'மற்றது' என்று ஒதுக்கினேன். கோபத்தில் அல்ல, பயத்தில். டிரையோ இல்லையென்றால் நாம் சந்திக்க ஒரு காரணமும் இருக்காது என்று எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது உண்மைதான், ஒரு காரணமும் இல்லை.

காரணம் இல்லாமல் வரலாமா?

---

ஏப்ரல் 27

தம்பியை நேற்று வழியனுப்பினேன். செல்லோவுக்கும் ஓர் இருக்கை வாங்கியிருந்தான். ஜன்னலோர இருக்கை அதற்கு, நடுவில் இவன். போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அக்கா, இப்பவாவது உண்மையைச் சொல்லு. அன்னிக்கு விட்டது மூச்சா, இல்ல ஜலதோஷமா?" போடா என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் செல்லோவின் அடியில் இருக்கிற ஊன்று முள் குத்திக் குத்தித் தரையில் பள்ளமான இடத்தில் போட்டிருந்த கம்பளத்தைச் சுருட்டி வைத்தேன். பிறகு திரும்பவும் விரித்துப் போட்டேன். சுருட்டி எங்கே வைப்பது?

கேலியா என்று நினைத்தீர்களாமே. கேலி செய்கிற நிலையிலா இருந்தேன்? கை இரண்டும் காற்றில் நிற்கிறது, வலது பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று பார்த்தேன். அப்புறம் புரிந்துவிட்டது, இன்றைக்கு நான்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று. எப்படி ஆரம்பிப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். நீங்கள் செய்கிற மாதிரி. அதைச் செய்தேன். அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு நீங்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டிருக்கலாம். தம்பியின் மூட்டை முடிச்சு, பிள்ளைகளின் தேர்வு, என் மணிக்கட்டு. எழுதவும் யோசிக்கவும் தெம்பில்லை. இப்போதும் அசதிதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. நீங்கள் பெட்டியை மூடிக்கொண்டு போன விதம் இன்னும் எனக்கு வலிக்கிறது. மைக்கில் நான் சொன்னது உங்களுக்கும் வலிக்கும். இரண்டையும் பேசித் தீர்க்க வேண்டுமானால் ஆயுசு போதாது. பியானோவின் மூடியை மட்டும் முழுதாகத் திறந்தே வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி. நீங்கள் வந்தாலும் அது இறங்காது. அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

பென்சிலையெல்லாம் ஒரு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். கோப்பையைக் கழுவினேன். அடியில் கரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போக மாட்டேன் என்கிறது.

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று எழுத வேண்டாம். மணியும் அடிக்க வேண்டாம். நான்கு மாடி ஏறும்போது நீங்கள் மூச்சு வாங்குவது கேட்கும். மூன்றாம் மாடித் திருப்பத்தில் வரும்போதே நான் கதவைத் திறந்துவிடுவேன்.